ஒடிந்ததா, விரிந்ததா: சித்தூர், திருப்பதிப் பக்கம் ‘புரோக்கன்’ படும் பாடு

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை ஒன்றாவது கண்ணில் படும். அந்தப் புத்தூர் பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூர். அங்கே ராஜு குடும்பத்தார் பல தலைமுறைகளாகச் செய்துவரும் எலும்பு வைத்தியம் ஊர்ப்பெயரையே சிகிச்சையின் பெயராக்கிவிட்டது. பச்சிலை, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் பத்தை: கட்டின் பொருள்கள் இவ்வளவுதான். அடிபட்டு வருகிறவர்களில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு, கன்னடரும் உண்டு. தமிழர் ‘கை ஒடிஞ்சுபோச்சு’ என்பார். தெலுங்கர் ‘செய்யி விரிகிந்தி’ என்பார். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரும் கல்லூரிப் பையன் ‘ஹேண்ட் புரோக்கன்’ என்பான். மூவரும் சொல்வது ஒன்றுதானா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒன்றல்ல என்பது என் முடிவு. ‘புரோக்கன்’ என்ற ஆங்கிலப் பெயரடை, எது கெட்டது என்று சொல்லும். எப்படிக் கெட்டது என்று சொல்லாது. தமிழும் தெலுங்கும் எப்படி என்பதைச் சொல்லாமல் வாயைத் திறக்கவே விடா. இந்த வேறுபாட்டை அருகருகே வைத்துப் பார்க்கச் சித்தூரையும் திருப்பதியையும் விட நல்ல இடம் கிடையாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வூர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டோடு இருந்தது. அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். 1953இல் ஆந்திரம் பிரிந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் காளத்தியும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறியபோதும் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமுமாகப் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்றும் ஏராளம்.

முதலில் பொருள்களைப் பார்ப்போம். தெலுங்கில் கண்ணாடியும் பானையும் ‘பகிலிந்தி’. குச்சி, எலும்பு, நாற்காலிக் கால் ‘விரிகிந்தி’. துணி, காகிதம் ‘சிரிகிந்தி’. கயிறு, செருப்பு வார், மின்கம்பி ‘தெகிந்தி’. தமிழில் இவை முறையே உடைந்தது, ஒடிந்தது அல்லது முறிந்தது, கிழிந்தது, அறுந்தது. இரு மொழிகளும் உலகத்தைக் கிட்டத்தட்ட ஒரே கட்டங்களாகப் பிரித்திருக்கின்றன: கெட்டியாக இருந்து சிதறுவது, நீளமாக இருந்து இரண்டாகப் போவது, பரப்பாக இருந்து பிரிவது, இழையாக இருந்து விடுவது. ஆங்கிலமும் துணிக்கும் காகிதத்துக்கும் வேறு சொல் வைத்திருக்கிறது. மற்ற மூன்றையும் ஒரே ‘புரோக்கனில்’ போட்டுக் கட்டிவிடுகிறது. திருப்பதி நடைபாதைக் கடையில் வாங்கிய செருப்பு வார் அறுந்ததும், அதே கடையில் வாங்கிய கண்ணாடி வளையல் உடைந்ததும், குடைக் கம்பி ஒடிந்ததும் ஆங்கிலத்துக்கு ஒரே சேதி.

சொற்களின் வேர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள். தெலுங்கின் ‘பகுலு’ தமிழின் பகு, பகிர் ஆகியவற்றோடு சேர்ந்தது. பங்கு போடுவதும் பானை பிளப்பதும் ஒரு காலத்தில் ஒரே வினை. ‘செடிபோயிந்தி’யின் ‘செடு’ நம் ‘கெடு’தான், இகர எகரத்துக்கு முன் ககரம் சகரமாகும் வழக்கம் தெலுங்கில் உண்டு. ‘பாடைபோயிந்தி’யின் ‘பாடு’ தமிழ்ப் ‘பாழ்’; தமிழில் ழகரம் நிற்கும் இடத்தில் தெலுங்கில் டகரம் வந்து உட்காரும். எனவே திருப்பதியில் ஒருவர் ‘ரோட்டு பாடைபோயிந்தி’ என்றால் சாலைக்குப் பாடை கட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். சாலை பாழாய்ப்போனது, அவ்வளவே. (சில சாலைகளுக்கு இரண்டு பொருளும் பொருந்தும் என்பது வேறு கதை.)

கட்டங்கள் ஒன்றுபோல் இருந்தாலும் ஓரங்கள் ஒட்டுவதில்லை. தமிழில் பால் திரியும். தெலுங்கில் பால் ‘விரிகாயி’. எலும்புக்கும் பாலுக்கும் ஒரே வினை. தமிழில் ஏரி உடையும். தெலுங்கில் ஏரி ‘தெகிந்தி’, கயிறு அறுவது போல. அல்லது அதற்குக் ‘கண்டி’ விழும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி தத்தளித்தபோது, சுவர்ணமுகி பொங்கியபோது, ராயலசெருவு என்ற பழைய பெரிய ஏரியின் கரையில் கசிவு கண்டு கீழுள்ள ஊர்மக்களை வெளியேற்றினார்கள். அந்த நாள்களில் தெலுங்குச் செய்திகளில் ஓயாமல் அடிபட்ட சொல் ‘கண்டி’. தமிழ்ச் செய்திகளில் ‘உடைப்பு’. ஆங்கிலத்தில் ‘பிரீச்’, அதுவும் ‘பிரேக்’ குடும்பத்துச் சொல்லே. கரையை நீளமாகப் பார்ப்பவருக்கு ஏரி அறுகிறது. தேங்கிய நீரைப் பார்ப்பவருக்கு ஏரி உடைகிறது. இரண்டும் சரியான பார்வைதான்.

மனம் எந்தப் பொருளால் ஆனது என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. தமிழில் ‘மனசு ஒடிஞ்சுபோச்சு’ என்கிறோம். அப்படியானால் மனம் ஒரு கொம்பு. தெலுங்கில் அதிர்ச்சிச் செய்தி கேட்டால் ‘குண்டெ பகிலிந்தி’. நெஞ்சு ஒரு பானை. ஆனால் ஒருவர்மேல் வைத்த பிரியம் போய்விட்டால் ‘மனசு விரிகிந்தி’ என்பார்கள். இங்கே எலும்பை விடப் பாலே பொருத்தம்: ஒடிந்த எலும்பு கூடும், திரிந்த பால் கூடாது. ஆங்கிலத்தின் ‘புரோக்கன் ஹார்ட்’டை எடுத்து ‘உடைந்த இதயம்’ என்று போடும் மொழிபெயர்ப்பாளர், அதிர்ச்சியா, சோர்வா, வெறுப்பா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் நல்லது.

இந்த வினைகளுக்கு நல்ல பக்கமும் உண்டு என்பதை ஆங்கிலப் பெயரடை ஒளித்துவிடுகிறது. தெலுங்கில் நச்சுக்கு மாற்று மருந்து ‘விருகுடு’. ‘விருகு’ என்ற அதே வினையிலிருந்து வந்தது. தமிழில் விஷமுறிவு. எலும்பு முறிந்தால் புத்தூர் போக வேண்டும். விஷம் முறிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

எலும்பு வைத்தியத்துக்குத் திரும்பினால், ‘புரோக்கன்’ என்ற சொல்லின் போதாமை அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. கட்டுப் போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது என்ன நடந்தது என்பது. சுளுக்கா? தெலுங்கில் ‘பெணிகிந்தி’. மூட்டுப் பிசகா? எலும்பு விட்டிருக்கிறதா, அதாவது கீறல் மட்டுமா? முறிவா? நொறுங்கலா? ஒவ்வொன்றுக்கும் கை வைக்கும் விதம் வேறு. நம் பக்கத்தில் இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. ‘கிராக்தான், பிராக்சர் இல்லை’ என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் நிறைய. ஆங்கில மருத்துவத்தில் கீறலும் ‘பிராக்சர்’தான், முழு முறிவும் ‘பிராக்சர்’தான், ‘புரோக்கன்’ என்பது அதன் பேச்சு வழக்கு. மூன்றும் மூன்று படிகள் என்பது நாமாகக் கட்டிக்கொண்ட ஏணி. நம் மொழியில் படிகள் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தால் இரவல் சொற்களுக்கும் படி வைத்துவிட்டோம். ஒருவகையில் இது கெட்டிக்காரத்தனம். மருத்துவரோடு பேசும்போது மட்டும் ஆபத்து.

‘பிராக்சர்’ பிறந்த அதே லத்தீன் வேரிலிருந்து வந்த இன்னொரு சொல், கணக்கில் வரும் ‘பிராக்ஷன்’. அதைத் தமிழில் பின்னம் என்கிறோம், தெலுங்கில் பின்னமு. ‘பின்ன’ என்றால் வடமொழியில் உடைந்தது. அரபு மொழியிலும் பின்னக் கணக்குக்கு உடைசல் என்று பொருள்படும் சொல்லே உண்டு. 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தன் நூலுக்கு வைத்த பெயரில் உள்ள ‘அல்ஜப்ர்’, அதாவது இன்றைய ‘அல்ஜீப்ரா’, பிரிந்ததைச் சேர்த்துக் கட்டுவதைக் குறிக்கும். ஸ்பெயினில் எலும்பு கட்டுகிறவருக்கு ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்றே பெயர் இருந்தது. புத்தூர்க்காரர்கள் அந்தக் கணக்கில் இயற்கணித வல்லுநர்கள்.

பின்னம் என்ற சொல் கோயிலுக்குள் போனால் கணக்கை மறந்துவிடும். விரல் போன சிலை, மூக்கு சிதைந்த சிலை ‘பின்னமானது’. மூலவருக்கு அப்படி நேர்ந்தால் என்ன செய்வது, சிறு உறுப்புக்கு நேர்ந்தால் என்ன செய்வது என்று ஆகமங்கள் பிரித்துச் சொல்கின்றன. சந்திரகிரிக் கோட்டை ராஜமகாலின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கையில்லாத சிற்பமும் காட்சிப்பொருள். கோயிலில் அது வழிபாட்டுக்கு ஆகாது. பொருளும் சிதைவும் ஒன்றே, இடம் மாறினால் சொல் மாறுகிறது, சொல்லோடு விதியும் மாறுகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் நடத்தும் சிற்பக் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவருக்குக் கூட உளி தவறிய சிலைக்கு என்ன பெயர் என்று தெரிந்திருக்கும்.

மங்கலப் பொருள்கள் விஷயத்தில் இரு மொழிகளும் வாய்க்குப் பூட்டுப் போடுகின்றன. தாலிக்கயிறு அறுந்தால் அறுந்தது என்று சொல்லக் கூடாது. ‘பெருகிப்போச்சு’ என்பார்கள் தமிழ் வீட்டில். ‘பெரிகிந்தி’ என்பார்கள் தெலுங்கு வீட்டில். வினையே பொருந்துகிறது பாருங்கள். இழப்பை வளர்ச்சியாகச் சொல்லும் இந்த இடக்கரடக்கலை எந்த ஆங்கில அகராதியும் ‘புரோக்கன்’ என்ற தலைப்பின் கீழ் தர முடியாது.

மறுபக்கம், உடைப்பதே மங்கலம் ஆகும் சடங்குகளும் உண்டு. திருமலைக் கோயிலுக்கு எதிரே அகிலாண்டம் என்ற இடத்தில் பக்தர்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். தமிழர் உடைக்கிறார், தெலுங்கர் ‘கொப்பரிகாய கொட்டுகிறார்’, அதாவது அடிக்கிறார். விளைவைச் சொல்கிறது ஒரு மொழி, செயலைச் சொல்கிறது மற்றது. படப்பிடிப்பு முடிந்தால் சென்னையில் பூசணிக்காய் உடைப்பார்கள், ஹைதராபாத்தில் கும்மடிகாய கொட்டுவார்கள். உடைந்த தேங்காயை ஆங்கிலத்தில் ‘புரோக்கன் கோகனட்’ என்று பலகையில் எழுதிப் பாருங்கள். எந்தப் பக்தரும் வாங்க மாட்டார்.

அரிசிக்கு வருவோம். நெல் ஆலைக்காரர்கள் வாயில் ‘புரோக்கன்’ முழுத் தொழில்சொல். வீட்டில் அது நொய், தெலுங்கில் ‘நூகலு’. அரசுக் கொள்முதலில் பச்சரிசியில் 25 சதவீதம், புழுங்கலரிசியில் 16 சதவீதம் வரை நொய் இருக்கலாம் என்பது நீண்டகால அளவுகோல். 2022 செப்டம்பரில் இந்திய அரசு நொய்யரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது, உலகச் சந்தையில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று தெரிந்தது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது மனித உணவு, வேறு இடங்களில் கால்நடைத் தீனி, சாராய ஆலைக்குக் கச்சாப்பொருள். தெலுங்கில் ஒருவர் ஆயுள் முடிந்தது என்று சொல்ல, பூமியில் அவருக்கு ‘நூகலு’ தீர்ந்துபோயின என்பார்கள். முழு அரிசி என்று சொல்லவில்லை. வாழ்க்கை நொய்க்கஞ்சியில்தான் ஓடுகிறது என்பதில் அந்த மொழிக்கு எந்த மயக்கமும் இல்லை.

ஆங்கிலச் சொல்லின் வினைவடிவம் ஒன்று திருமலையில் பெரிய மரியாதையோடு வாழ்கிறது: பிரேக் தரிசனம். பொது வரிசையைச் சற்று நிறுத்தி முக்கியஸ்தர்களை விடுவதால் அந்தப் பெயர். ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் கொடுப்பவருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறவருக்கு உடைவது அவருடைய வரிசை என்பதைச் சொல் மறைத்து, முன்னால் போகிறவருக்குக் கிடைத்த பெருமையை மட்டும் காட்டுகிறது. இதே ‘பிரேக்’ மலைப்பாதையில் பேருந்து நின்றுபோனால் ‘பிரேக் டவுன்’ ஆகிறது. நிறுத்தும் ‘பிரேக்’கும் உடையும் ‘பிரேக்’கும் தமிழ் எழுத்தில் ஒன்றே என்பதால், பிரேக் டவுன் என்றால் பிரேக் வேலை செய்யவில்லை என்று நம்புகிற பயணிகள் இருக்கிறார்கள். மலையிறக்கத்தில் அந்தப் பொருள் மயக்கம் வேடிக்கையாக இருக்காது.

இனி, நம் பேச்சை ஆளும் இரண்டு இரவல் சொற்கள். ஒன்று ‘ரிப்பேர்’. ஆங்கிலத்தில் அது சரிசெய்வது. நம்மிடம் ‘வண்டி ரிப்பேர்’ என்றால் கெட்டுப்போனது. ‘ரிப்பேர் பண்ணியாச்சு’ என்றால் சரியானது. தெலுங்கிலும் ‘ரிப்பேரு வச்சிந்தி’ என்றால் கெட்டது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர். இதை அறியாமை என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘ஆகு’ சேர்ந்தால் கேடு, ‘பண்ணு’ சேர்ந்தால் சீர் என்று நம் இலக்கணம் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேசுகிறவர் யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுதும்போதுதான் இடறுகிறது.

மற்றது ‘டேமேஜ்’. இதன்மேல் எனக்கு அவ்வளவு அன்பு இல்லை. மாம்பழம் டேமேஜ், சுவர் டேமேஜ், கார் டேமேஜ், பேர் டேமேஜ். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினாலும் ‘என்னை டேமேஜ் பண்ணிட்டான்’. சித்தூர் மாங்காய் மண்டியில் தோத்தாபுரி கூடையைக் கிளறுகிறவரிடம் கேளுங்கள்: அடிபட்டது, வெம்பினது, அழுகினது, வண்டு துளைத்தது என்று தனித்தனியாகச் சொல்வார். காரணம், கூழ் ஆலைக்கு எது போகும், எது குப்பைக்குப் போகும் என்பது அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. ‘டேமேஜ்’ என்று ரசீதில் எழுதிய மறுநிமிடம் அந்தத் தகவல் போய்விடுகிறது. விலை குறைக்க வசதியான சொல் என்பதால் வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கும்.

அரசு மொழியில் இச்சொல் எடுக்கும் வடிவங்களும் பார்க்கத்தக்கவை. தெலுங்குச் செய்தித்தாள்களில் பயிர், வீடு, பாலம் எல்லாம் ‘தெப்பதின்ன’வை, அதாவது அடி தின்றவை. தமிழில் அடிபட்டவை என்று பேசுகிறோம், எழுதும்போது ‘சேதமடைந்தவை’ ஆக்கிவிடுகிறோம். உண்டியலில் விழும் கைக்கடிகாரங்களையும் கைப்பேசிகளையும் தேவஸ்தானம் மின் ஏலம் விடும்போது புதியவை, பயன்படுத்தியவை, பகுதி சேதமுற்றவை என்று வகைப்படுத்துகிறது. அந்த மூன்றாம் வகை எவ்வளவு நேர்மையான சொல்! ‘புரோக்கன்’ என்றிருந்தால் யாரும் ஏலம் கேட்க மாட்டார்கள். ஓடும், ஆனால் கீறல் உண்டு என்று சொன்னால் கேட்பார்கள்.

கிழிந்த ரூபாய் நோட்டு வைத்திருக்கிறவருக்கு இந்தச் சொல் நுணுக்கம் நேரடியாகப் பணம். ரிசர்வ் வங்கியின் 2009ஆம் ஆண்டு விதிகள் அழுக்கான நோட்டு, சிதைந்த நோட்டு என்று பிரிக்கின்றன. இரண்டு துண்டாகி, இரண்டும் ஒரே நோட்டின் பகுதிகளாக, எதுவும் குறையாமல் இருந்தால் அது அழுக்கு நோட்டுக் கணக்கில்தான் வரும். ஒரு பகுதி காணாமல் போனாலோ துண்டுகள் இரண்டுக்கு மேற்பட்டாலோ சிதைந்தது. 2018 திருத்தத்தின்படி 50 ரூபாய்க்கும் அதற்கு மேலான நோட்டுகளுக்கும், மிஞ்சிய பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேலிருந்தால் முழுத் தொகை. 40 முதல் 80 வரை என்றால் பாதி. அதற்கும் கீழே என்றால் ஒன்றும் இல்லை. ‘கிழிஞ்ச நோட்டு’ என்று பொதுவாகச் சொல்லிக் கடைக்காரர் தள்ளிவிடுவதை வங்கி மூன்று விலையில் பார்க்கிறது.

யார் உடைத்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ‘புரோக்கன் கிளாஸ்’ என்றால் ஆள் தெரியாது. தமிழில் உடைந்த கண்ணாடி, உடைத்த கண்ணாடி, உடைபட்ட கண்ணாடி என மூன்று. தெலுங்கில் தானாகப் போனால் ‘பகிலிந்தி’, ஆள் செய்தால் ‘பகலகொட்டாடு’. ‘உடைஞ்சுபோச்சும்மா’ என்று பிள்ளை வந்து நின்றால் ‘உடைஞ்சுதா, உடைச்சியா?’ என்று கேட்காத தாய் உண்டா? ஆங்கிலத்தில் கேட்க வேண்டியது தனிக் கேள்வி. தமிழில் வினையே வாக்குமூலம். 2010 மே 26 இரவு காளத்திக் கோயிலின் ராஜகோபுரம் சரிந்தது. 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரம் அது. முதலில் விரிசல், பிறகு பிளவு, பிறகு சரிவு. எல்லாம் தன்வினைகள். கோபுரம் ‘விழுந்தது’ என்பது வேறு, ‘விழவிட்டார்கள்’ என்பது வேறு. பொறுப்பு பற்றிய வாதம் முழுக்க அந்த இரண்டு வினைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தில் நடந்தது. புதிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது.

பொருளல்லாதவற்றுக்கு ‘புரோக்கன்’ வரும் இடங்களை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அங்கே நம் மொழிகள் அந்த உருவகத்தையே ஏற்பதில்லை. வாக்கு தவறும், தெலுங்கில் ‘மாட தப்பும்’. சட்டம் மீறப்படும். மௌனமும் தூக்கமும் கலையும். குடும்பம் நொடியும், தெலுங்கில் சிதிகிப்போகும். ‘புரோக்கன் இங்கிலீஷ்’ என்ற தொடர் ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலேயே வருகிறது. அதைத் தமிழில் சிலர் ‘உடைந்த ஆங்கிலம்’ என்று எழுதுவது பார்க்கச் சகிக்கவில்லை. அரைகுறை ஆங்கிலம், ஓட்டை இங்கிலீஷ் என்று நமக்கே இருக்கிறது. தெலுங்கில் இன்னும் அழகு: ‘வச்சி ராணி இங்கிலீஷு’, வந்தும் வராத ஆங்கிலம். பேசத் தடுமாறுகிறவரைக் குத்தாமல் சொல்லும் தொடர் அது.

இந்தச் சொற்களைத் தொகுக்க இடங்களும் பக்கத்திலேயே உண்டு. சித்தூர் மாவட்டக் குப்பத்தில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது. ஒரு மாணவர் குழு புத்தூர்க் கட்டுக்காரர், நெல் ஆலை, மாங்காய் மண்டி, சிற்பக்கூடம், பேருந்துப் பணிமனை ஆகியவற்றில் உட்கார்ந்து, எது எப்படிக் கெட்டால் என்ன சொல்கிறார்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் பக்கம் பக்கமாகத் தொகுத்தால் ஒரு நல்ல இருமொழிச் சொல்லடைவு கிடைக்கும். கெட்டுப்போவது பற்றிய சொற்களைக் கடைசியாக அறிந்த தலைமுறை இன்னும் வேலையில் இருக்கிறது. அந்தப் பணியை அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் தொடங்க வேண்டும்.